உத்தியோகஸ்தர்களும் முஹல்லாவின் முதியோரும்

நம்மில் மாதச் சம்பளம் வாங்குவோர் பலர், ஸதகா என்றால் பணம்தான் என்று எண்ணுகின்றனர். முஹல்லாவின் முதியோர் பலருக்கோ கைபிடித்து அழைத்துச் செல்ல ஓர் ஆள்தான் தேவை.

பார்வையிழந்த யூத முதியவர் ஒருவர் வாசலில் நின்று யாசிப்பதை ஹளரத் உமர் (ரலி) கண்டார்கள். அவரது கையைப் பிடித்துத் தம் வீட்டிற்கே அழைத்துச் சென்று, இருந்ததைக் கொடுத்தார்கள். பிறகு பைத்துல்மால் பொறுப்பாளரிடம், இவரையும் இவர் போன்றோரையும் கவனிக்கும்படி உத்தரவிட்டார்கள். இளமையில் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியல்ல என்பது அவர்கள் சொன்ன காரணம். ஹிஜ்ரி 182-இல் வபாத்தான இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) 'கிதாபுல் கராஜ்' நூலில் இதை எழுதியுள்ளார்கள். உத்தரவு பிறகுதான் வந்தது. கை முதலில் நீண்டது. அவர் யூதர் என்பதும் தடையாகவில்லை.

பாங்கு ஊழியருக்குப் படிவம் நிரப்புவது ஐந்து நிமிஷ வேலை. பென்ஷன் வாங்கும் மூதாட்டி, உயிரோடிருப்பதற்கான சான்றை ஆண்டுதோறும் கொடுக்காவிட்டால் அந்தப் பணமே நின்றுபோகும். ஒருவரை வாகனத்தில் ஏற்றிவிடுவதையும் நபி (ஸல்) அவர்கள் ஸதகா என்றார்களே, இது ஆகாதா?

ஒரு மஸ்அலாவையும் கவனிக்க வேண்டும். வேலை நேரம் முதலாளிக்கு உரியது. அவர் அனுமதியின்றி அதில் தர்மம் செய்ய நமக்கு உரிமையில்லை. வேலை விட்டு வந்தபின், மஃரிபுக்குள் இரண்டு வீட்டுக் கதவையாவது தட்டலாம்.