படகில் ஆள் நிரம்பிவிட்டது என்று சொல்லப் பழகு

அன்புள்ள தம்பிக்கு,

மகாராஜபுரம், வத்திராயிருப்புப் பக்கத்துக் குடும்பங்களைச் சேர்த்து, விடுமுறைக்கு ஆலப்புழை போட் ஹவுஸுக்கு அழைத்துப் போகும் வேலையில் இறங்கியிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. ராஜபாளையத்தில் இருந்துகொண்டு இதே வேலையை நெடுங்காலம் பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். உன்னைப் போல இதில் கால்வைக்கும் மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

நம் ஊர் மலைக்குக் கிழக்கே, மழைமறைவுப் பக்கம் இருக்கிறது. தாணிப்பாறையில் நின்று அண்ணாந்து பார்க்கிறோமே, அந்த மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கம் விழுகிற மழைதான் பம்பை, மணிமலை, அச்சன்கோவில் ஆறுகளாக இறங்கி வேம்பநாட்டுக் காயலில் சேர்கிறது. கண்மாய் நிறையுமா என்று வானத்தையே பார்த்து வாழ்ந்தவர்கள், கண்ணுக்கு எட்டிய தூரமும் தண்ணீராகக் கிடப்பதைப் பார்த்ததும் பேச்சில்லாமல் நிற்பார்கள். அந்த நேரத்தில் நீ விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். ஏறிப் போகும் படகைப் பற்றிப் பிறகு சொல். ஆஞ்சிலிப் பலகைகளை ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்துக் கட்டியதுதான் பழைய கெட்டுவள்ளம். நெல்லும் மிளகும் ஏற்றிப்போன அந்தச் சரக்குப் படகு, லாரிகள் வந்து வேலையை இழந்த பிறகு, 1990களில் சுற்றுலாவுக்கு மாறியது. பிள்ளைகள் இதை வாய்பிளந்து கேட்பார்கள்.

இந்த வேலையில் முக்கியமானது ஒன்றுதான். தண்ணீரில் குறைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். ஆளையும், பார்க்கும் இடத்தையும், போடும் சத்தத்தையும் குறைக்கத் தெரிந்தவன்தான் ஒரு குடும்பத்துக்கு நல்ல விடுமுறையைக் கொடுப்பான்.

முதலில் ஆள். நம் பக்கம் ஒரு வீட்டில் பயணம் என்றால், கிளம்புகிற அன்று சித்தி மகன், மதினியின் தங்கை, பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று நாலு பேர் கூடிவிடுவார்கள். ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கிடலாம் தம்பி’ என்பார்கள். அது பாசத்தில் வருகிற பேச்சு. வேனில் அதற்கு இடமுண்டு, படகில் கிடையாது. 2023 மே 7, ஞாயிற்றுக்கிழமை. மலப்புறம் மாவட்டம் தானூரில், மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய உல்லாசப் படகு ஒன்று அளவுக்கு மேல் ஆளேற்றி, இருட்டுகிற நேரத்தில் போய்க் கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். அதில் 11 பேர் ஒரே குடும்பத்தார். விடுமுறைக்கு ஒன்றுசேர்ந்து கிளம்பியவர்கள் அவர்கள். இந்தச் செய்தியை நீ ஒருநாளும் மறக்கக் கூடாது.

தேக்கடி நமக்கு இன்னும் பக்கம். அங்கே 2009 செப்டம்பர் 30 அன்று இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. கரையில் தெரிந்த விலங்கைப் பார்க்க ஆட்கள் ஒரு பக்கமாகத் திரண்டதும் படகு சாய்ந்தது என்று தப்பியவர்கள் சொன்னார்கள். அதனால் மேல்தளம் உள்ள படகு எடுத்தால், எல்லோரும் ஒரே நேரத்தில் மேலே ஏறாமலும், போட்டோ எடுக்க ஒரே ஓரத்தில் கூடாமலும் பார்த்துக்கொள். புறப்படும் முன்பே இதைச் சொல்லிவிடு.

முன்பணம் வாங்கும்போதே ஒவ்வொருவர் பெயரையும் வயதையும் எழுதி வாங்கு. மடிக்குழந்தையையும் ஓர் ஆளாக எண்ணு. படகின் பதிவுச் சான்றிதழில் எத்தனை பேர் என்று போட்டிருக்கிறதோ, அதற்குக் கீழேயே நில். ஓட்டுகிற ஸ்ராங்கிடம் உரிமம் இருக்கிறதா என்று கேட்டுப் பார். இது அவரை அவமதிப்பது ஆகாது, நல்ல ஸ்ராங்க் தானே எடுத்துக் காட்டுவார். லைஃப் ஜாக்கெட்டை எண்ணிப் பார்த்தால் மட்டும் போதாது. கட்டவிழ்க்கும் முன் பிள்ளைகளுக்கு மாட்டிப் பார்த்து, அளவு சரியாக இருந்தால்தான் கிளம்பு. கூடுதலாக ஆள் வந்தால் இன்னொரு படகு, இல்லையென்றால் இன்னொரு தேதி. மூன்றாவது வழி இல்லை.

அடுத்தது இடம். ஆலப்புழைக் கடற்கரை, குமரகம், கொச்சி என்று இரண்டு நாளில் எல்லாவற்றையும் அடைக்கும் திட்டத்தை எடுத்தவுடன் கிழித்துப் போடு. படகில் நண்பகலில் ஏறினால் மறுநாள் காலை ஒன்பது மணி வாக்கில் இறங்க வேண்டியிருக்கும். அதிலும் மாலை ஐந்தரை மணிக்கு மேல் படகு ஓடாது. அது மீனவர்கள் வலை விரிக்கும் நேரம். வரப்போரம் கட்டிப்போட்டு விடுவார்கள். ‘காசு கொடுத்தும் படகு நிக்குதே’ என்று யாராவது முணுமுணுப்பார்கள். அவர்களிடம் பொறுமையாகச் சொல், இந்தப் பயணத்தின் சிறந்த பகுதி அப்போதுதான் தொடங்குகிறது.

நம் வீடுகளை நினைத்துப் பார். அப்பா மில்லில் இரவு ஷிப்ட், மகன் வெளியூரில் படிப்பு, மகள் கட்டிக்கொடுத்த ஊரில். எல்லோரும் ஒரே கூரையின்கீழ் விழித்திருக்கும் நேரம் வருடத்தில் எத்தனை மணி வரும்? கட்டிப்போட்ட படகில் யாரும் எங்கேயும் எழுந்து போக முடியாது. சாப்பாடு முடிந்ததும் சீட்டுக்கட்டு வரும், அப்பத்தா தன் கல்யாணக் கதையை எடுப்பார், பல வருடம் பேசாத அண்ணன் தம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த இரவுக்குள் கேம் ஷோ, டிஜே என்று எதையும் நீ திணிக்காதே. பெரியவர்களுக்குக் கீழ்த்தளத்து அறையைக் கொடு. சமையல்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, கரிமீனோடு ஒரு ரசத்தையும் புழுங்கலரிசிச் சோற்றையும் ஏற்பாடு செய். நம் வீட்டுத் தாத்தாவுக்கு அது இல்லாமல் தூக்கம் வராது.

பிறகு சத்தம். படகு போகிற குறுகலான வாய்க்கால், ஆலப்புழையை ஒட்டிய குட்டநாட்டுக்காரர்களின் வாசல். கடல் மட்டத்துக்கும் தாழ்வாக நிலத்தை வைத்துக்கொண்டு, சுற்றி வரப்புக் கட்டி, தண்ணீரை இறைத்து வெளியேற்றி நெல் விளைவிக்கிறவர்கள். உலக அளவில் காக்கத்தக்க வேளாண் மரபு என்று 2013இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு ஏற்றுக்கொண்டது அவர்களின் உழைப்பை. அந்தத் தண்ணீரில்தான் பாத்திரம் கழுவுகிறார்கள், குளிக்கிறார்கள். பெண்கள் குளிக்கும் படித்துறைக்கு நேரே ஸ்பீக்கரை அலறவிட்டு, செல்போனை நீட்டிப் படமெடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? கோடையில் உப்புநீர் ஏறாமல் இருக்கத் தண்ணீர்முக்கம் தடுப்பணையை மூடிவிடுவார்கள். கடலின் ஏற்றவற்றம் உள்ளே வந்து அலசாது. நாம் வீசும் தட்டும் பாட்டிலும் அங்கேயே கிடக்கும். ஒரு சாக்குப் பையைக் கையோடு கொண்டுபோ, குப்பையை அதில் போட்டுக் கரைக்குக் கொண்டுவா.

காலமும் பார்த்துக்கொள். தீபாவளி சமயம் பிற்பகலில் இடிமழை பிடிக்கும். பொங்கல் விடுமுறை வானிலைக்கு அருமையானது, ஆனால் சபரிமலை மகரவிளக்குக் கூட்டத்தால் செங்கோட்டை, புனலூர் வழி நெருக்கடியாக இருக்கும், ஒரு நாள் தள்ளிப் புறப்படு.

கடைசியாக ஒன்று. போட் ஹவுஸ் வாடகை கட்டுபடியாகாத குடும்பத்தைத் திருப்பி அனுப்பிவிடாதே. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் நின்று போகும் சென்னை – கொல்லம் ரயில் இருக்கிறது. அது போகும் வழி 1904இல் போட்ட மலைப்பாதை, 2018இல் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது. பதிமூன்று கண் பாலத்தைக் கடந்து போய்க் கொல்லத்தில் இறங்கினால் அஷ்டமுடிக் காயல். ஆலப்புழைக்கே போனாலும் கேரள நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகு குறைந்த கட்டணத்தில் கோட்டயம் வரை போகிறது. ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து போகலாம். பகல் பொழுது ஒன்று போதும், ஒரு குடும்பம் சேர்ந்து தண்ணீரைப் பார்க்க.

அடுத்த விடுமுறைக்குப் பெயர் எழுதும்போது, சொந்தக்காரரே வந்து கேட்டாலும், ஆள் நிரம்பிவிட்டது என்று முகம் பார்த்துச் சொல். இன்றைக்குக் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் தன் தாயையும் பேரப்பிள்ளையையும் தண்ணீரில் அனுப்ப வேண்டி வரும் நாளில், அப்படிச் சொன்ன ஆளைத்தான் தேடி வருவார்கள். நன்றாக வா.

அன்புடன்,
ராஜபாளையத்து அண்ணாச்சி