சிவப்பு விளக்கும் தம்பதியர் மனமும்

நான் மருத்துவன் அல்லன். இரயில்வே சிக்னல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற டிப்ளமா பொறியாளன். சான்பாடாவில் எங்கள் வீட்டில் நடந்ததைக் கொண்டே ஒரு பாடம் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு கண் பரிசோதனை முடிந்து வீடு திரும்பினேன். டாக்டர் என்ன சொன்னார் என்று என் மனைவி கேட்கவில்லை, கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். 'சம்பளம் நின்றதும் மதிப்பும் நின்றது' என்று முடிவு கட்டினேன். மூன்று நாள் பேச்சில்லை.

முன்னால் வண்டி நின்றாலும் சிக்னல் சிவப்பாகும். தண்டவாள மின்சுற்று அறுந்தாலும் சிவப்பாகும். தானியங்கி சிக்னல் சிவப்பானால் ஓட்டுநர் பகலில் 1 நிமிடம், இரவில் 2 நிமிடம் நின்று, பின் எச்சரிக்கையாக மெல்லச் செல்ல வேண்டும் என்பது இரயில்வே பொது விதி. மனத்தில் எரியும் சிவப்பும் இவ்விரண்டில் எது என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் வகுத்த சிகிச்சையின் சாரமும் இதுவே: நடந்தது வேறு, நாம் நினைத்தது வேறு. 1988இல் தம்பதியருக்கென்றே இதை நூலாக எழுதினார். அவரவர் சமய நம்பிக்கையோடு இதை இணைத்தும் தருகிறார்கள். டியூக் பல்கலைக்கழகத்தின் ஹெரால்டு கோனிக் குழு, நாட்பட்ட நோயும் மனச்சோர்வும் உள்ள 132 பேரிடம் சோதித்து 2015இல் வெளியிட்டது. சமயம் சார்ந்த முறையும் வழக்கமான முறையும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. அது தனிநபர்களுக்கான சோதனை. ஆயினும் வழி நமக்கும் உதவும். எண்ணத்திலிருந்து ஆசை, ஆசையிலிருந்து கோபம், கோபத்திலிருந்து மதிமயக்கம் என்ற வரிசையைக் கீதையின் இரண்டாம் அத்தியாயமும் காட்டுகிறதல்லவா?

பயிற்சி இது. மாலை விளக்கேற்றியபின் ஒரு தாளில் எழுதுங்கள்:

1. நடந்தது என்ன?
2. நான் நினைத்தது என்ன?
3. அதற்குச் சான்று எது? எதிர்ச்சான்று எது?
4. நேரில் கேட்டேனா?

நான்காவதில் என் தாள் வெறுமையாக இருந்தது. "ஏம்மா, அன்றைக்கு ஏன் ஒன்றும் கேட்கவில்லை?" என்றேன். "கெட்ட சேதியா இருந்தா தாங்க முடியாதேன்னு பயந்துட்டேங்க. உங்க கண்ணுக்காகத்தான் வேண்டிக்கப் போனேன்" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

ஓர் எச்சரிக்கை. அடி, உதை, மிரட்டல் உள்ள வீட்டில் 'பொறுத்துக்கொள்' என்று சொல்லச் சமயத்தைத் துணைக்கு அழைக்காதீர்கள். அங்கே சிவப்பு உண்மையான சிவப்பு. மனம் தாளாதபோது 14416 என்ற இலவச அரசு எண்ணில் தமிழிலும் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை அது.

இன்று மாலையே ஒரு தாள் எடுத்துப் பாருங்கள்.