மேற்குச் சுவரும் வேப்பமரமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது நம் பழமொழி. எங்கள் வீட்டின் மேற்கே நின்ற வேப்பமரம் கால்வாய்ப் பணிக்காக வெட்டப்பட்ட பின்னரே அதன் பொருள் எங்களுக்கு விளங்கியது. முன்பு நள்ளிரவில் நின்றுவிடும் மின்விசிறி, அதன்பின் விடியும்வரை சுழன்றது, மின்கட்டணமும் ஏறியது. காரணம் யாது? வகுப்பில் கற்ற இயற்பியலைக் கொண்டு ஆராய்வோம்.

தெளிந்த வானில் நண்பகல் சூரியனை நேரே நோக்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 1,000 வாட் ஆற்றல் விழுகிறது. சித்திரையில் அவ்வேளை சூரியன் தலைக்கு மேல் நிற்பதால் கூரை சுடுகிறது. பிற்பகலில் மேற்குச் சுவர் சுடுகிறது. செங்கற்சுவர் அவ்வெப்பத்தை மெல்ல வாங்கி, பல மணி நேரம் கழித்தே உள்ளே விடுகிறது. நாம் உறங்கும் வேளையில் சுவர் அனலடிப்பது இதனால்தான். மின்விசிறி காற்றை அசைக்குமேயன்றிக் குளிர்விக்காது. மரமோ வெப்பத்தைச் சுவருக்கு வெளியிலேயே தடுத்துவிடுகிறது.

நிழல் மட்டுமன்று, வேர் உறிஞ்சிய நீரை இலைத்துளைகள் ஆவியாக வெளிவிடுகின்றன. இதுவே நீராவிப்போக்கு. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் உள்ளுறை வெப்பம் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் 3,600 கிலோஜூல். ஆகவே ஒன்றரை லிட்டர் நீர் ஆவியானால், ஒரு யூனிட்டுக்கு ஈடான வெப்பம் சுற்றுப்புறத்திலிருந்து எடுக்கப்படுகிறது. இக்குளிர்ச்சி முழுவதும் நம் வீட்டுக்கே வாராது. காற்று அதைத் தெருவெங்கும் பகிர்ந்தளிக்கும். குளிர்சாதனமோ அறையின் வெப்பத்தையும், தான் செலவிட்ட மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்துத் தெருவில் கொட்டுகிறது.

2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. ஒரே நாளில் வீழ்ந்த நிழல் திரும்பப் பல்லாண்டுகள் வேண்டும். எனவே நிற்கும் மரத்தைக் காப்பதே முதற்கடமை. புதிதாக நடுவோர் வேம்பு, புங்கு, பூவரசு ஆகியவற்றை வீட்டின் மேற்கிலும் கிழக்கிலும், சுவரை விட்டுச் சற்றுத் தள்ளி, மின்கம்பிக்கு அடியில் வாராதபடி நடுதல் நலம்.

பள்ளி வாசலை மிதித்தறியாத என் தாயார், மரம் வெட்டப்பட்ட அன்றே, "இனி மேற்கு வெயிலு வீட்டுக்குள்ள குடிவந்துரும்" என்றார். அதை விளக்க எனக்கு இரண்டாண்டுக் கல்லூரிக் கல்வி தேவைப்பட்டது. சென்ற ஐப்பசியில் அவரே அங்கு ஒரு புங்கங்கன்று நட்டார். நான் பட்டம் பெறும் நாளில் அது சுவரின் பாதியையும் எட்டியிராது. எனினும் நாள்தோறும் நீர் ஊற்றி வருகிறோம். நண்பர்களே, நீங்களும் உங்கள் வீட்டு மேற்குச் சுவரை ஒருமுறை மாலையில் தொட்டுப் பாருங்கள்!