தாழ்ப்பாள் உள்ள ஒரே அறை

கப்பல் கேபின் வரையத் தொடங்கியிருக்கும் ஆதிச்சநல்லூர்த் தங்கைக்கு,

உள்ளரங்க வடிவமைப்புப் படித்து முடித்து, பயணிகள் கப்பல்களுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில் நீ சேர்ந்திருக்கும் செய்தி மகிழ்ச்சி தந்தது. முதல் வேலையாகக் கேபின் குளியலறையைக் கொடுத்திருக்கிறார்களாம். புதிதாக வந்தவள் கையில் தள்ளிவிடும் சின்ன வேலை என்று அதை எடுத்துக்கொள்ளாதே. சாதாரணக் கேபின் ஒன்று பதினைந்து, பதினேழு சதுர மீட்டர் இருக்கும். அதில் குளியலறைக்கு மூன்று சதுர மீட்டர் கிடைத்தாலே பெரிது. அந்த மூன்றுக்குள் செய்கிற பிழை ஒரே கப்பலில் ஆயிரம், இரண்டாயிரம் முறை அச்சடித்ததுபோல் திரும்ப வரும். கப்பலோ முப்பது, நாற்பது வருஷம் ஓடும்.

இந்த வேலைக்கு வருகிற எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கப்பல் நார்வீஜியன் எபிக். பிரான்சின் சேன் நசேர் கட்டுதளத்தில் உருவாகி 2010-இல் ஓடத் தொடங்கியது. நாலாயிரம் பேருக்கு மேல் ஏற்றும் அந்தக் கப்பலில் கேபின் சுவர்களை வளைத்தார்கள். குளியலறையை மூன்றாகப் பிரித்தார்கள். உள்ளே நுழைந்ததும் ஒரு பக்கம் கழிப்பறை, எதிர்ப்பக்கம் ஷவர். இரண்டுக்கும் உருவம் மங்கலாகத் தெரியும் கண்ணாடி அடைப்பு. வாஷ்பேசின் படுக்கை இருக்கும் பகுதியிலேயே வந்துவிட்டது. நுழைவுப் பகுதிக்கும் படுக்கைக்கும் நடுவே ஒரு திரை. ஒருவர் குளிக்கையில் இன்னொருவர் கழிப்பறைக்குப் போகலாம், மூன்றாமவர் முகம் கழுவலாம். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். தாளில் பார்த்தால் நல்ல கணக்குத்தான்.

ஏறியவர்கள் அனுபவித்தது வேறு. கண்ணாடிக்குப் பின்னால் ஆள் நிற்பதும் உட்காருவதும் தெரிந்தது. சத்தத்துக்குத் திரை எந்தத் தடையும் இல்லை. நடுராத்திரி ஒருவர் எழுந்து விளக்கைப் போட்டால் தூங்குகிறவர் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. புதிதாக மணமானவர்கள்கூடச் சங்கடப்பட்டார்கள் என்றால், அம்மாவும் வளர்ந்த மகனும், அண்ணனும் தங்கையும், செலவைப் பங்கிட்டுக்கொண்டு வந்த இரண்டு தோழிகளும் என்ன பாடு பட்டிருப்பார்கள்! குறைகள் குவிந்தன. அதே நிறுவனத்தின் அடுத்த புதுக் கப்பலான நார்வீஜியன் பிரேக்அவே 2013-இல் வந்தபோது, நாலு சுவரும் கதவும் உள்ள பழைய குளியலறையே திரும்பி வந்திருந்தது.

எபிக்கைக் காட்டி, பிரிப்பதே தவறு என்று உன் அலுவலகத்தில் யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. ஜப்பானிய வீடுகளில் கழிப்பறை தனி, குளியல் தனி, கை கழுவும் இடம் தனி என்பது வழக்கமான அமைப்பு. சின்னச் சின்ன அடுக்குமாடி வீடுகளில்கூட அப்படி உண்டு. ஒவ்வொன்றுக்கும் அங்கே உருவம் தெரியாத கதவு இருக்கிறது. குளியலுக்கு முன்னால் உடை மாற்றிக்கொள்ள உலர்ந்த இடமும் இருக்கிறது. எபிக் பிரித்தது சரி, கண்ணாடியால் பிரித்ததுதான் பிழை. உன் ஊர்ப் பரம்பில் தோண்டிய குழியின்மேல் கண்ணாடி பதித்து, கீழே முதுமக்கள் தாழிகள் கிடந்தபடியே தெரியும்படி வைத்திருக்கிறார்கள். பார்ப்பதற்காகத் திறந்த இடத்துக்குக் கண்ணாடி பொருத்தம். குளிக்கிற இடம் அப்படிப்பட்டதா?

அதே ஜப்பானிடம் கற்க இன்னொன்றும் உண்டு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்காக நியூ ஓட்டானி ஹோட்டல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகளோடு அவசரமாக எழுந்தபோது, டோட்டோ நிறுவனம் குளியலறைகளைத் தொழிற்சாலையில் செய்து, அப்படியே கொண்டுவந்து பொருத்தியது. இன்றைய கப்பல் குளியலறையும் அந்த வழியில்தான் வருகிறது. பின்லாந்தின் பீக்கியோவில் குளியலறையோடு சேர்ந்த முழுக் கேபின்களையே ஆலையில் செய்து கட்டுதளத்துக்கு அனுப்புகிறார்கள். தகட்டுச் சுவர், நடுவே கனிமக் கம்பளி, கீழே ஒரே வார்ப்பாக நீர் கசியாத தரை. அந்த அச்சு உறுதியாகிவிட்டால் பிறகு ஒரு அங்குலம்கூட நகர்த்த முடியாது. பேச வேண்டியதை அதற்கு முன்னால் பேசிவிட வேண்டும்.

யாருக்காகப் பேசுவது என்பதில் நம் கடற்கரைக்கு ஒரு நீண்ட கணக்கு இருக்கிறது. வ.உ.சி.யின் சுதேசி நாவாய்ச் சங்கம் 1907-இல் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்த காலியா கப்பலில் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரணப் பயணிகள் 1,300 பேர் போகலாம். 66 பேருக்கு ஒரு கணக்கு, ஆயிரத்து முந்நூறு பேருக்கு வேறு கணக்கு. ஆங்கிலேயக் கம்பெனிக்கு எதிராகச் சொந்தக் கப்பல் ஓட்டிக்காட்டிய பெருமை பெரியது. அன்றைய பயணிகள் கப்பல்கள் பெரும்பாலும் வகுப்பு பிரித்துக் கட்டியவை என்பதும் உண்மை. 1926-இல் கிளாஸ்கோவில் கட்டிய ரஜூலா, சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு போய்வந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் அந்தக் கப்பலில் வந்த பாட்டியோ தாத்தாவோ இல்லாத வீடு குறைவு. டெக்கில் பாய் விரித்துப் பல நாள் கிடந்த பெண்கள் எங்கே சேலை மாற்றினார்கள், மாதவிலக்கு நாட்களை எப்படிக் கழித்தார்கள், கைக்குழந்தையை எங்கே வைத்துக் கழுவினார்கள் என்று கப்பல் வரலாறுகள் எழுதுவதில்லை. டன் கணக்கும் வேகமும் எழுதியிருக்கிறார்கள். நீ எந்தப் பழைய கப்பலின் வரைபடத்தைப் பார்த்தாலும் முதலில் அந்தக் கேள்வியைக் கேள்.

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு மறுபடி பயணிகள் கப்பல் விட்டது 2011 ஜூனில். ஸ்கோஷியா பிரின்ஸ் என்று பெயர். 1972-இல் யூகோஸ்லாவியாவில் ஸ்வீடனின் ஸ்டெனா நிறுவனத்துக்காகக் கட்டியது; பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அமெரிக்காவின் போர்ட்லண்டுக்கும் கனடாவின் யார்மவுத்துக்கும் நடுவே ஓடியது. நம் ஆட்கள் அதில் ஐந்து மாதம் போய்வந்தார்கள். அந்த நவம்பரோடு சேவை நின்றது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட கோர்டீலியா கப்பலும் இப்படி வேறு யாருக்கோ கட்டியதுதான். 1990-இல் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில், மயாமியிலிருந்து பஹாமாஸ் போய்வரும் மூன்று, நான்கு நாள் பயணத்துக்காகக் கட்டியது. எபிக் பிறந்த அதே சேன் நசேரில்தான் இதுவும் பிறந்தது. சின்னக் கேபின், அதைவிடச் சின்னக் குளியலறை. பகல் முழுக்க வெயிலில் கிடந்துவிட்டு ராத்திரி தூங்க மட்டும் உள்ளே வருகிற இரண்டு பேருக்கு அது போதும்.

நம் கேபினுக்குள் வருகிறவர்களை நினைத்துப் பார். அப்பா, அம்மா, பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண், அவளுடைய தம்பி, சில சமயம் ஆச்சியும். நாலு படுக்கை, ஒரே அறை. அதற்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரே இடம் குளியலறைதான். கழிப்பறை, குளியல், உடை மாற்றுமிடம், பால் கொடுக்குமிடம், சண்டைக்குப் பிறகு கொஞ்ச நேரம் தனியாக இருக்கும் இடம் எல்லாமே அது. தாமிரபரணிப் படித்துறையில் பாவாடையை மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, நாலு பேர் நடுவிலேயே மானம் குலையாமல் குளித்து உடுத்தி வரும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவள் நீ. ஆற்றங்கரையில் அது முடிவதற்கு விரிந்த படி இருக்கிறது, காற்று இருக்கிறது, பார்வையைத் திருப்பிக்கொள்ளும் ஊர் இருக்கிறது. ஈரமான மூன்று சதுர மீட்டரில், ஆடும் தரையில், ஆறு கஜச் சேலையை நனையாமல் கட்ட ஒரு பெண்ணால் முடியுமா என்பதுதான் உன் வரைபடத்துக்கான முதல் பரீட்சை.

ஆகவே ஷவரைத் துணித்திரையால் மூடாதே. ஈரத்திரை உடம்பில் ஒட்டும், தண்ணீர் தரை முழுக்கப் பரவும். கதவுள்ள அடைப்பாகப் போட்டு, வெளியே நிற்க ஒரு ஆள் அளவுக்கு உலர்ந்த இடம் ஒதுக்கு. வாஷ்பேசினின் அகலத்தைக் குறைத்தாவது அதைக் கொடு. அங்கே தலைக்குமேல் இரண்டு நல்ல கொக்கிகளும், துணி வைக்க ஒரு தட்டும் வேண்டும். கதவு கட்டாயம் வெளிப்பக்கம் திறக்கட்டும். கப்பல் ஆடி ஆச்சி உள்ளே விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவள் உடம்பே அடைத்துக்கொள்ளும். அவசரத்தில் வெளியிலிருந்து நாணயம் வைத்துத் திருப்பினால் திறக்கும் தாழ்ப்பாளைத் தேர்ந்தெடு. கேபின் கதவைத் திறந்தால் நடைபாதையில் போகிறவருக்குக் குளியலறையின் உள்ளே தெரியக் கூடாது. இரண்டு கதவும் திறந்த நிலையில் கோடு போட்டுப் பார்த்துவிடு.

பார்வையை மறைப்பது எளிது, சத்தத்தை மறைப்பதுதான் கடினம். கப்பலில் காற்று கேபினுக்குள் வந்து குளியலறை வழியாகத்தான் வெளியே இழுக்கப்படும். அதற்காகக் கதவின் அடியில் இடைவெளி விடுவார்கள். எல்லா ஒலியும் அந்த வழியே படுக்கைக்கு வந்துவிடும். காற்று வளைந்து போகும்படியான சல்லடையைக் கதவில் வைக்கச் சொல்லி வாதாடு. வயிறு சரியில்லாத ஒருவர் கூட இருப்பவர்களை எண்ணிக் கூசிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பதை வரைபடத்தில் யாரும் குறிப்பதில்லை. நீ குறி.

தண்ணீரால் கழுவும் பழக்கமுள்ளவர்கள் நம் பயணிகள். ஹெல்த் ஃபாசெட்டைக் கடைசியில் ஒட்டவைக்கும் உபரிப் பொருளாக விடாதே; அதன் குழாய், அழுத்தம், சிந்தும் நீர் எல்லாம் முதல் தாளிலேயே வரட்டும். காயல்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் ஐந்து வேளையும் தொழுகைக்கு முன் உளூ செய்யக் கால் கழுவ வேண்டும். ஷவருக்குள் தாழ்வாக ஒரு குழாயும், உட்கார மடக்குப் பலகையும் இருந்தால் அவருக்கும் உதவும், முழங்கால் வலிக்காரருக்கும் உதவும். கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நீர் வடிய ஒரு வடிகால் போதாது, எதிரெதிர் மூலைகளில் இரண்டு வேண்டும். தண்ணீர் கேபினுக்குள் வராமலிருக்க நிலைப்படியை உயர்த்துவார்கள். சக்கர நாற்காலிக் கேபினில் அந்தப் படி இருக்கக் கூடாது. நாற்காலி முழுதாகத் திரும்ப ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் விட்டமும் வேண்டும்.

கப்பல் கழிப்பறை வீட்டுக் கழிப்பறை மாதிரி வேலை செய்வதில்லை. வேக்குவம் இழுத்துக்கொள்ளும், ஒரு தடவைக்கு ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான தண்ணீர் போதும். குழாய் இரண்டு அங்குலம் அளவுக்கு ஒடுங்கியது. நாப்கினோ துணியோ உள்ளே போனால் ஒரு வரிசைக் கேபின்களே ஸ்தம்பித்துவிடும். எழுதி ஒட்டும் எச்சரிக்கையைவிட, உட்கார்ந்த இடத்திலிருந்தே கை எட்டும் மூடிபோட்ட கூடை அதிகம் காப்பாற்றும். அடைப்பெடுக்க வருகிறவர் கேபினுக்குள் நுழையாமல் நடைபாதையிலிருந்தே குழாய்களைத் தொடும்படி, அவை போகும் ஷாஃப்டை அந்தப் பக்கம் வை. அதுவும் பயணியின் தனிமையைக் காப்பதுதான். மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதை 2013 பிப்ரவரியில் கார்னிவல் ட்ரையம்ஃப் காட்டியது. எந்திர அறையில் தீப்பிடித்து, மெக்சிகோ வளைகுடாவில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு கப்பல் முடங்கியது. பெரும்பாலான கழிப்பறைகள் இயங்கவில்லை. இழுவைக் கப்பல்கள் அலபாமாவின் மொபைல் துறைமுகத்துக்குக் கொண்டுசேர்க்கும்வரை மக்கள் பிளாஸ்டிக் பைகளில் சமாளித்தார்கள்.

பயணிகளின் கேபினோடு உன் பொறுப்பு முடிவதில்லை. அதே கப்பலின் கீழ்த்தளத்தில் சமையல்காரரும் துணி துவைப்பவரும் தூங்குகிறார்கள். 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, தனிக் குளியலறை இல்லாத ஊழியர்களில் ஆறு பேருக்குக் குறைந்தது ஒரு கழிப்பறை, ஒரு வாஷ்பேசின், ஒரு ஷவர் என்றும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி என்றும் சொல்கிறது. இந்தியா 2015-இல் அதை ஏற்றது. மீன்பிடித் தொழிலுக்கான 2007 உடன்படிக்கை, 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுகளில் நாலு பேருக்கு ஒன்று என்கிறது. அதை இந்தியா இன்னும் ஏற்கவில்லை. விடியலில் போய் இரவில் திரும்பும் தூத்துக்குடி விசைப்படகுக்காரர்களுக்கும், நாள்கணக்கில் கடலில் தங்கும் தருவைக்குளம் மீனவர்களுக்கும் ஒதுக்குப்புறமாக ஒரு கழிப்பறை என்பது இன்றும் பெரிய விஷயம். சொகுசுக் கப்பலுக்கு வரையப் பழகிய கை அவர்களுக்கும் ஒன்று வரைந்து கொடுக்கலாமே!

கொச்சி, மஸகான் கப்பல் கட்டும் நிறுவனங்கள் தூத்துக்குடியில் கட்டுதளம் அமைக்க 2025-இல் தமிழக அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. வேறு யாருக்கோ கட்டிய பழைய கப்பலில் நம்மவர் ஏறிய காலம் மாறும் என்றால், உன்னைப் போன்றவர்கள் அதற்குள் தேர்ந்திருக்க வேண்டும். அதற்கு முன் ஒருமுறை சென்னையிலிருந்து அந்தமான் கப்பலில், அடுக்குப் படுக்கைகள் உள்ள பங்க் வகுப்பில் போ. மூன்று நாள் ஆகும். பொதுக் குளியலறையின் முன்னால் காலை வரிசையில் நிற்கும் பெண்களோடு நின்று பேசு. பிறகு வந்து வரை.

கேபினை ஆலையில் அச்செடுப்பதற்கு முன் பொதுவாக முழு அளவில் ஒரு மாதிரி அறை கட்டுவார்கள். மேலதிகாரிகள் வந்து விளக்கையும் மரப்பூச்சையும் பார்த்துவிட்டுப் போவார்கள். அன்றைக்குச் சேலை கட்டிய ஒரு பெரியம்மாவையும், கைக்குழந்தையோடு ஒரு தாயையும், ஊன்றுகோல் வைத்திருக்கும் ஒரு பெரியவரையும் அழைக்க வேண்டும் என்று கேள். ஷவரைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்தி, அவர்களை உள்ளே உடை மாற்றச் சொல். அவர்கள் வெளியே வந்து சொல்வதைக் குறித்துக்கொண்ட பிறகே கையெழுத்துப் போடு.