சாளையில் படுத்திருந்தவர்

ஆனைமலை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அம்மணிக்கு,

உன் கடிதம் வந்தது. காசநோயாளிகளின் வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்புகிறாய். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்கிறார்கள், எதை நம்புவது என்று எழுதியிருந்தாய்.

இதே சங்கடம் 1956ல் சென்னையில் சிலருக்கு வந்தது. டிபி என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்தே ஆகவேண்டும் என்று உலகமே நம்பிய காலம். கட்டில்களோ கொஞ்சம், நோயாளிகளோ ஏராளம். சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவரின் தலைமையில் 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு சானடோரியம்: ஓய்வு, நல்ல சாப்பாடு, நர்சுகளின் கவனிப்பு. மறுபாதியினர் நெரிசலான வீட்டிலேயே இருந்துகொண்டு அதே மருந்தைச் சாப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தது. 1959ல் அந்த முடிவு வெளியானது. வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை.

மையத்தார் நோயாளிகளின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். நோயாளியின் வீட்டையே ஆராய்ச்சிக்கூடமாக்கிய அந்தத் துணிச்சலை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அந்த முடிவு வந்து பத்து வருடத்துக்கு மேலாகியும் நம் வீட்டை அது எட்டவில்லை. அப்புச்சியின் அண்ணனைத் தோட்டத்துச் சாளையில்தான் படுக்க வைத்திருந்தார்கள். தட்டமும் டம்ளரும் தனி. காசநோய் இருமும்போது காற்றில் பரவுவது, தட்டத்தில் ஒட்டிக்கொண்டு வருவதில்லை என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான் சிறுவன். வாசப்படியில் சோற்றை வைத்துவிட்டு ஓடிவந்துவிடுவேன். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, அவரும் மாத்திரையை நிறுத்திவிட்டார். மருந்து வாங்கப் பொள்ளாச்சி போனால் ஒரு நாள் கூலி போய்விடும். யார் கேட்டாலும் "சாப்பிடறேன்" என்றுதான் சொன்னார். திட்டு வாங்கப் பயந்தார், அவ்வளவுதான். அடுத்த மழைக்காலத்தில் மறுபடி ரத்தமாக இருமினார். பிறகு எழவில்லை.

அதனால் அந்த "ஆமாம்" என்பதைப் பொய் என்று எழுதிவிடாதே. "போன வாரம் எந்தெந்த நாள் விட்டுப்போச்சுங்க?" என்று கேட்டுப் பார். விட்டுப்போவது எல்லோருக்கும் நடப்பதுதான் என்று உன் கேள்வியே சொல்லிவிடும். அவர்களும் வாய் திறப்பார்கள்.

இன்னொன்று. 1959ன் முடிவைப் படித்த பலர், மருந்து போதும், சாப்பாடு பெரிதில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். மருந்து வீட்டிலும் வேலை செய்யுமா என்பதுதான் அங்கே கேட்கப்பட்ட கேள்வி. சாப்பாட்டைப் பற்றிய கேள்வியை 2019ல் ஜார்க்கண்டில் கேட்டார்கள். அதே சென்னை மையமும் அதில் பங்கெடுத்தது. 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப்பொருள் போனது. பாதி வீடுகளில் மற்றவர்களுக்கும் மாதம் பெரியவர் ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ துவரம்பருப்பு, சத்து மாத்திரை. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வந்தது 39 சதவீதம் குறைந்தது. 2023ல் அதைப் படித்தபோது சாளை வாசலில் நான் வைத்த அந்தச் சோறு ஞாபகம் வந்தது. குழம்புச் சோறு, பருப்புக்கூட இல்லை.

நம் மாநிலத்தின் காசநோய் இறப்பில்லாத் திட்டம் 2022ல் தொடங்கியது. அதில் ஆபத்திலிருப்பவரைக் கண்டுபிடிக்கும் முதல் சோதனைக்கு லேப் வேண்டாம். உயரம், எடை, காலில் வீக்கம், மூச்சு வாங்குகிறதா, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. இதில் தேறாதவரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மேலும் சோதிக்க வேண்டும். எடை மெஷினை நீயும் கையோடு கொண்டு போ.

அடுத்த வாரம் வரும்போது அந்தக் கேள்வித்தாளை எடுத்து வா. "நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள்?" என்று ஒரு வரி அதில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் உன் பேராசிரியரிடம் எப்படிக் கேட்பது என்று உட்கார்ந்து யோசிப்போம்.

அன்புடன்,
மாமன்