இணைப்பு அரை மணி நேர வேலைதான்

ராஜபாளையத்தில் ராம்கோ இன்ஸ்டிட்யூட், கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் என்று படிப்பை முடித்துவிட்டு, "ஆட்டோமேஷன் செய்து தருகிறோம்" என்று மில் மில்லாக, டியூஷன் சென்டர் டியூஷன் சென்டராக ஏறி இறங்கும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். ஜூம் மீட்டிங் முடிந்ததும் யார் வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார் என்ற விவரம் தானாகக் கிளவுட் டேட்டாபேஸில் ஏற வேண்டும் என்று உங்களிடம் கேட்பார்கள். என்8என், மேக், ஜாப்பியர், சோஹோ ஃபுளோ என்று எதை எடுத்தாலும் இரண்டையும் கோத்துவிட அரை மணி நேரம் போதும். டேபிளில் ஒரு ரோ எதைக் குறிக்கிறது என்று தீர்மானிப்பதில்தான் மிச்ச நாளெல்லாம் போகும்.

1. கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் பேப்பரில் டேபிளைப் போடுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவர் மார்கழி மாதம் முழுக்க, நாளுக்கு ஒரு பாசுரமாக, ஆன்லைனில் திருப்பாவை வகுப்பு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர்ப் பிள்ளைகளும் உண்டு, அமெரிக்காவிலிருந்து சேரும் பிள்ளைகளும் உண்டு. தினமும் லிங்க் அனுப்ப முடியாது என்பதால் திரும்பத் திரும்ப நடக்கும் மீட்டிங்காக ஒரே லிங்க் வைத்திருப்பார். அங்கேதான் வலை. அப்படிப்பட்ட மீட்டிங்குக்கு ஜூம் கொடுக்கும் மீட்டிங் ஐடி மாதம் முழுக்க ஒன்றேதான். அதைச் சாவியாக வைத்து "இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் சேர்" என்று எழுதினீர்களானால், ஒவ்வொரு நாளும் முந்தின நாளை அழித்துக்கொண்டே போகும். தை பிறக்கும்போது டேபிளில் இருப்பது ஒரே ஒரு ரோ.

ஒவ்வொரு முறை மீட்டிங் நடக்கும்போதும் தனியாக ஒரு யுயுஐடி பிறக்கிறது. சாவி அதுதான். அது சில சமயம் சாய்கோட்டில் தொடங்கும், சில சமயம் நடுவே இரட்டைச் சாய்கோடு வரும். அப்படி வந்தால் ஏபிஐயில் கேட்கும்போது இரண்டு முறை என்கோட் செய்துதான் அனுப்ப வேண்டும். "சில மீட்டிங்குக்கு மட்டும் விவரம் வரலை சார்" என்று யாராவது வந்து நின்றால் முதலில் இதைப் பாருங்கள். மீட்டிங், நபர், வருகை என்று மூன்று டேபிள் போதும். ஒரே டேபிளில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம்.

2. நேரம். அந்தத் திருப்பாவை வகுப்பு விடிகாலை 5 மணிக்கு. ஜூம் நேரத்தைச் சொல்வது யுடிசியில். நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். ஆக டேட்டாபேஸில் விழுவது முந்தின நாள் இரவு 23:30. தேதியை மட்டும் வெட்டி எடுத்து வைத்தீர்களானால் மார்கழி முதல் நாள் வகுப்பு கார்த்திகைக் கணக்கில் போய்விடும். (அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருக்கும் பிள்ளைக்கு அது உண்மையிலேயே முந்தின நாள் மாலை ஆறரை மணி, அந்த வீட்டில் யுடிசி தேதியைத் தப்பென்று சொல்லமாட்டார்கள்!) சேமிப்பது யுடிசியில், காட்டுவது இந்திய நேரத்தில் என்பதை மாற்றவே மாற்றாதீர்கள். போஸ்ட்கிரஸில் டைம்ஸோனைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் நேர வகை இருக்கிறது, அதையே எடுங்கள். என்8என்-ஐச் சொந்த சர்வரில் போட்டால், நீங்கள் மாற்றாத வரைக்கும் அதன் கடிகாரம் நியூயார்க் நேரத்தில் ஓடும். ஏசியா/கொல்கத்தா என்று மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை.

சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு வேலை செய்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜெர்மனியில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவார்கள். பையர் "எப்போதும்போல 11 மணிக்கு" என்று சொல்வது நமக்கு ஒரு மணி நேரம் நகர்ந்துவிடும். அதனால் கடிகாரத்தைப் பார்த்து ஓடும் வேலையாக வைக்காமல், மீட்டிங் முடிந்தது என்ற செய்தி வந்ததும் ஓடும் வேலையாக வையுங்கள்.

3. பெயரை நம்பாதீர்கள். பட்டியலில் "ரெட்மி", "அம்மா போன்", "ஐபேட்" என்றெல்லாம் வருவார்கள். லாகின் செய்யாமல் வருகிறவர்களுக்கு மின்னஞ்சல் இடம் காலியாகவே இருக்கும். காசு கட்டிய ஜூம் கணக்கானால் முன்பதிவைக் கட்டாயமாக்குங்கள். பதிவு எண் ஆளுக்கு ஒன்றாக வரும். நெட் போய் மூன்று முறை உள்ளே வந்த பிள்ளைக்கு மூன்று வருகை ரோ விழும், அதை அப்படியே வைத்துக் கூட்டிக்கொள்ளுங்கள். போனிலும் லேப்டாப்பிலும் ஒரே நேரத்தில் இருந்தவருக்குக் கூட்டினால் ஒரு மணி நேர வகுப்பில் இரண்டு மணி நேரம் இருந்ததாகக் கணக்கு வரும். ஒன்றின்மேல் ஒன்று விழும் நேரத்தைக் கழிக்க வேண்டும். எத்தனை நிமிடம் இருந்தால் "வந்தார்" என்று வாடிக்கையாளரிடமே கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். நீங்களாக முடிவு செய்யக் கூடாது.

4. ஒரே செய்தி இரண்டு முறை வரும். மீட்டிங் செய்தியை ஜூம் வெப்ஹூக்காக அனுப்பிவிட்டு மூன்று விநாடிக்குள் பதிலை எதிர்பார்க்கிறது. வராவிட்டால் பிறகு மறுபடி அனுப்பும். "கிடைத்தது" என்று உடனே சொல்லிவிட்டு, டேட்டாபேஸ் வேலையைப் பிறகு செய்யுங்கள். யூனிக் கட்டுப்பாடு டேபிளிலேயே இருக்கட்டும், என்8என் நோடில் இருந்தால் போதாது.

5. என்8என் வெப்ஹூக் நோடில் இரண்டு முகவரி இருக்கும், டெஸ்ட் ஒன்று, புரொடக்‌ஷன் ஒன்று. டெஸ்ட் முகவரி நீங்கள் திரைமுன் காத்துக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் கேட்கும். அதை ஜூமில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். அதேபோல, முகவரியைச் சேர்க்கும்போது ஜூம் ஒரு சரிபார்ப்புக் கேள்வி கேட்கும். ஒருமுறை பதில் சொன்னால் தீர்ந்தது என்று அந்தக் கிளையை அழித்துவிடுகிறார்கள். 72 மணி நேரத்துக்கு ஒருமுறை அது மறுபடி கேட்கும்.

6. மில் ஆபீஸில் மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் என்8என்-ஐ ஓட்டச் சொல்வார்கள், மிச்சம் பார்க்கத்தான். கரண்ட் போனால், யாராவது பிளக்கைப் பிடுங்கினால், ஜூம் மறுபடி அனுப்பும்போதும் அது ஓடாவிட்டால் அந்த நேரத்துச் செய்தி போனதுதான். மாத வாடகை சர்வரே நல்லது. மும்பையில் இருப்பதாகப் பார்த்து எடுங்கள், டேட்டாபேஸும் அங்கேயே இருக்கட்டும். அப்படி வைத்தாலும் இரவில் ஒருமுறை ஜூமிடம் "இன்று நடந்தவை எவை?" என்று ஏபிஐ வழியாகக் கேட்டு, டேபிளோடு ஒப்பிட்டு, விட்டுப்போனதை நிரப்பும் வேலை ஒன்று தனியாக ஓட வேண்டும். மில்லில் ஷிப்ட் முடிவில் ஸ்டாக் பார்ப்பதுபோல. இதைச் செய்யாத இணைப்பை நான் முடிந்த வேலையாக ஒப்புக்கொள்வதில்லை.

7. சாவிகள். கிளவுட் டேட்டாபேஸாக சூப்பாபேஸை எடுத்தால், அதன் சர்வீஸ் ரோல் கீ டேபிளில் போட்ட ரோ-பாதுகாப்பு விதிகளையெல்லாம் தாண்டிப் போகும். அது என்8என் கிரெடென்ஷியலுக்குள் மட்டுமே இருக்க வேண்டும். எரர் வந்தது என்று முழுத் திரையையும் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறீர்களே, கீயை நோடிலேயே எழுதியிருந்தால் அதற்குள் அதுவும் போகிறது. வெப்ஹூக் முகவரி தெரிந்தால் யாரும் பொய் வருகையை அனுப்பலாம், எனவே ஜூம் கூடவே அனுப்பும் கையொப்பத்தைச் சரிபார்க்காமல் எதையும் ஏற்றாதீர்கள். யூடியூப் பார்த்துப் படிக்கும்போது வீடியோவின் தேதியையும் பாருங்கள். ஜேடபிள்யூடி ஆப் உருவாக்கச் சொன்னால் மூடிவிடுங்கள். ஜூம் அதை 2023லேயே நிறுத்திவிட்டது, இப்போது சர்வர்-டு-சர்வர் ஓஆத்-தான்.

8. இலவசம் என்று வாக்குக் கொடுக்கும் முன் பென்சிலை எடுங்கள். 30 பிள்ளைகள், ஆளுக்கு ஒரு வருகை, ஒரு போக்கு: நாளுக்கு 60. ஜாப்பியர் இலவசக் கணக்கில் மாதம் 100 டாஸ்க். இரண்டாம் பாசுரம் முடியும்போதே கதை முடிந்தது. ஜூம் இலவசக் கணக்கில் வகுப்பே 40 நிமிடத்தில் அறுந்துவிடும். சூப்பாபேஸ் இலவசத் திட்டத்தில் ஒரு வாரம் யாரும் தொடாவிட்டால் டேட்டாபேஸ் உறங்கிவிடும். மார்கழியில் விட்டதை ஆடிப்பூரத்துக்கு எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். எல்லாம் ஒரே கூரைக்குள் வேண்டும் என்கிற வாடிக்கையாளருக்கு சோஹோ மீட்டிங், சோஹோ ஃபுளோ, சோஹோ கிரியேட்டர் என்று போவது நியாயமான வழி. ராஜபாளையத்திலிருந்து தெற்கே போனால் வரும் தென்காசி மத்தளம்பாறையில் அவர்கள் அலுவலகம் இருக்கிறது. நம்மூர்ப் பிள்ளைகளுக்கு வேலைக்கும் அது ஒரு வழி.

9. வாங்கக் கூடாத வேலையும் உண்டு. மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பதால் வக்கீல் ஆபீஸ்களிலிருந்து கேட்டு வருவார்கள்: காணொலி விசாரணையைத் தானாகப் பதிவு செய்து சேமித்துக் கொடு என்று. அனுமதியில்லாத பதிவை நீதிமன்றக் காணொலி விதிகள் தடுக்கின்றன. முடியாது என்று சொல்லிவிடுங்கள். டியூஷன் சென்டர் என்றால், 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களின் விவரத்தைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும். சேர்க்கைப் படிவத்திலேயே அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஐபி முகவரி, கருவி வகை இவையெல்லாம் வருகின்றனவே என்று சேமிக்க வேண்டாம், யாரும் கேட்கவில்லை.

10. ஜூம், சர்வர், டேட்டாபேஸ் மூன்றும் வாடிக்கையாளரின் மின்னஞ்சலில், அவர் கார்டில் தொடங்கட்டும். உங்கள் ஜிமெயிலில் தொடங்கிவிட்டு நீங்கள் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டால், ஓடிபி கேட்டு ராத்திரி பத்து மணிக்கு போன் வரும். ஒப்படைக்கும் நாளில் இரவுச் சரிபார்ப்பை அவர் கண்ணெதிரே ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள். மாதப் பராமரிப்புக்கு எவ்வளவு என்பதையும் அன்றைக்கே பேசிவிடுங்கள்.