அது செவ்வாயா, ரோகிணியா?

கேள்வி: மார்கழியில் இரவு பத்து மணிவாக்கில் உச்சிவானில் செம்மஞ்சளாக ஒன்று மின்னுகிறதே, அது செவ்வாய்க் கிரகமா?

பதில்: மின்னுகிறது என்கிறீர்கள்; கிரகங்கள் பெரும்பாலும் மின்னுவதில்லை. எனவே அது ரிஷப ராசியின் ரோகிணி நட்சத்திரமாகத்தான் இருக்கும். ஓரியன் விண்மீன் குழுவின் இடுப்பிலுள்ள மூன்று நட்சத்திரங்களை இணைக்கும் கோட்டை வடமேற்கே நீட்டினால் அதைத் தொடும். தூரம் சுமார் 65 ஒளியாண்டுகள். மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்ததால் உட்கரு சுருங்க, வெளிப்பகுதி சூரியனைப்போல் 40 மடங்குக்கும் மேலாக உப்பிவிட்டது. உப்பியதால் மேற்பரப்பு குளிர்ந்து சுமார் 3,600 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது. செந்நிறத்துக்குக் காரணம் அதுவே. அருகே ஆங்கில 'வி' எழுத்துபோல் தெரியும் கூட்டத்தில் ரோகிணி சேர்த்தியில்லை. அக்கூட்டம் சுமார் 150 ஒளியாண்டுகள் தொலைவில் இருக்கிறது. நம் சூரியனும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளில் இப்படிச் செம்பூதமாகும்.